கோழி வராத உரல்

துப்பறிவாளர் யோபே சாகாலா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தால், யாரோ ஒருவர் வசமாக மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். அன்று மதியம் எங்கள் காம்சோலோ சந்தையில், கருவாட்டுக் கடைகளுக்கும் பழைய துணிக் குவியல்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஊரே பார்க்கத் துடைத்தார்.

"சாயங்காலம் உலக்கைச் சத்தம் கேட்டதும் எல்லாரும் மைலேசி வீட்டு வாசலுக்கு வந்துருங்க," என்றார். "சாவுச் சோளம் எங்க போச்சுன்னு அவ உரலையே பேச வைக்கிறேன்."

கூட்டம் வாயைப் பிளந்தது. உதவியாளர் லவ்னெஸ் மட்டும் கொட்டாவி விட்டாள். அவளுக்குக் குடை போட்டு சிம் கார்டு விற்பதுதான் தொழில். துப்பறிவது மதியத்துக்கு மேல்.

"உரல் பேசுமாம். அதுக்கும் ஒரு சிம் கார்டு வித்துட வேண்டியதுதான் பாஸ்."

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்," என்றார் சாகாலா. காட்டுக் காவலராக இருந்து யானைத் தடம் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு மனிதத் தடம் பார்க்கிறார். கண்டுபிடித்ததைவிட, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கைதட்டல் விழும்வரை விளக்கிச் சொல்வதில்தான் அவருக்குச் சுகம்.

விஷயம் இதுதான். எங்கள் சந்தையில் கடை விரிக்கிற ஒவ்வொருவரும் அறுவடை முடிந்ததும் ஆளுக்கொரு டப்பா சோளம் கொண்டுவந்து சந்தைக் கிடங்கில் கொட்டவேண்டும். யார் வீட்டில் சாவு விழுந்தாலும், துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் களி கிண்டுவது அதிலிருந்துதான். அதற்குப் பெயரே சாவுச் சோளம். சொந்தப் பிள்ளை பசியில் அழுதாலும் அதில் யாரும் கைவைக்க மாட்டார்கள். பிப்ரவரி பிறந்து, வயலில் கதிர் பச்சையாக நிற்க, வீடுகளில் பழைய சோளம் அடியைத் தொட்டிருந்த நேரம். சந்தை ஓரத்துத் தச்சர் படுத்த படுக்கையானார். எதற்கும் இருக்கட்டும் என்று கிடங்கைத் திறந்து பார்த்தால் இரண்டு மூட்டையைக் காணோம். பூட்டு உடையவில்லை.

கிடங்கைப் பெருக்கும் முறை போன வாரம் மைலேசிக்கு. சாவி அவளிடம்தான் இருந்தது. பொடி மீன் கருவாடு விற்கிறவள். புருஷன் செம்புச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகள். சாவி ஒரு பக்கம் இருக்கட்டும், அவள் உலக்கைதான் அவளைக் காட்டிக் கொடுத்தது. கரண்ட் இல்லாமல் மாவு மில் மூடிக் கிடந்ததால் ஊர்ப் பெண்கள் எல்லாரும் மறுபடியும் உரலுக்கு வந்திருந்தார்கள். அதில் மைலேசி வீட்டு உலக்கைதான் தினமும் கடைசியில் நிற்கும். ஊருக்கே பசி மாதம், அவளுக்கு மட்டும் இடிக்க ஏது இத்தனை சோளம்? இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் சந்தைத் தலைவி எனெலெசி அம்மா சாகாலாவை அழைத்திருந்தாள்.

எனெலெசி அம்மாவை மறுத்துப் பேச எங்கள் சந்தையில் ஆள் கிடையாது. மீன் லாரி அவளுடையது. காலையில் கருவாட்டை நம்பிக்கையின் பேரில் அளந்து கொடுப்பாள். விற்றுவிட்டு மாலையில் பணம் கட்டவேண்டும். ஆனால் அவளிடம் ஒரு சட்டம் உண்டு. வீட்டில் மாவு இடிக்கிறவளுக்குத்தான் சரக்கு. பட்டினி கிடக்கிறவளுக்குக் கொடுத்தால் சரக்கையே தின்றுவிடுவாள் என்பது அவள் கட்சி. சந்தையில் கடன் கொடுக்கிற மற்றவர்களும் இதையே பார்த்தார்கள்.

சந்தையிலிருந்து இருவரும் அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். அலுவலகம் என்பது பெரிய வார்த்தை. தலைமுடி பின்னுகிற கடையின் பின்பக்க அறை அது. வாசலில் கால் வைக்க இடமில்லாமல் கோழிகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

"சூ, போங்க," என்று லவ்னெஸ் துடைப்பத்தை எடுத்தாள். "காலையிலேர்ந்து விரட்டி விரட்டிக் கையே கழண்டுருச்சு பாஸ். ஊர்க் கோழி மொத்தமும் நம்மகிட்ட கேஸ் குடுக்க வந்திருக்கு."

"சேவல் ஏதாவது ஓடிப் போயிருக்கும். அட்வான்ஸ் கேட்டுப் பாரு."

"அட்வான்ஸைப் பத்தி மட்டும் பேசாதீங்க. தலைவியம்மா காசு தருவான்னு பாத்தா ஒரு பக்கெட்டு சோளத்தைத் தலையில கட்டுனா. புடைச்சுப் பாக்குறேன், வெள்ளை, மஞ்சள், செவப்புப் புள்ளி போட்டது, பொடி மணி, பல்லு மாதிரி பெரிய மணி, எல்லாம் ஒண்ணா நெரிச்சுக்கிட்டுக் கெடக்கு. சோளமா அது, நம்ம ஊரு மினிபஸ்ஸு."

"வயித்துக்குள்ள போயிட்டா எல்லாம் களிதான்."

நேற்றைய களியில் மிச்சம் இருந்ததைப் பூசணிக் கீரையில் தொட்டுத் தொட்டு முழுவதும் சாப்பிட்டுவிட்டு, விரலையும் நக்கிக்கொண்டு எழுந்தார் சாகாலா. வெகு நாளைக்குப் பிறகு வயிறு நிறைந்திருந்தது. நடையிலேயே அது தெரிந்தது.

வெயில் தாழ்ந்ததும் சந்தைக்குப் பின்னாலிருக்கிற வரிசை வீடுகளில் உலக்கைச் சத்தம் எழுந்தது. புல் வேலிகளுக்கு அந்தப் பக்கம் தொம், தொம் என்று ஒவ்வொரு வீடாகச் சேர்ந்துகொண்டது. கூட்டம் வருவதற்கு முன்னால் இடத்தைப் பார்த்துவைக்க இருவரும் முன்னதாகவே வந்திருந்தார்கள்.

"கேட்டியா? அந்தக் கடைசி வீடு. எப்படி இடிக்கிறா பாரு."

"உங்க கண்டுபிடிப்பு முழுக்கக் காதுலயே நடக்குது பாஸ். கண்ணுக்கும் கொஞ்சம் வேலை குடுங்க."

கேலிக்குத்தான் சொன்னாள். சாகாலா வேலி இடுக்கில் கண்ணை வைத்தார். மைலேசி உலக்கையை ஓங்கி ஓங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். நெற்றி வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. சுவர் ஓரம் பிள்ளைகள் இரண்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தன. முற்றம் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. எல்லாம் இருந்தது, ஆனால் ஏதோ ஒன்று இல்லை. தண்ணீர்க் குட்டைப் பக்கம் மான் ஒதுங்கவில்லை என்றால் ஏன் என்று யோசிக்கப் பழகிய மனிதர் அவர். அந்தப் பழக்கம் இப்போது உறுத்தியது.

"லவ்னெஸ், நீ சோளம் இடிக்க ஆரம்பிச்சா மொதல்ல யாரு வருவா?"

"கடன்காரன்."

"அவனுக்கு அப்புறம்?"

"கோழி. தெறிச்சு விழுற குருணைக்காக..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டு, தானும் இடுக்கில் பார்த்தாள். முற்றத்தில் பேருக்கு ஒரு குஞ்சுகூட இல்லை.

சாகாலா வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மைலேசி திரும்புவதற்குள் குனிந்து உரலுக்குள் பார்த்துவிட்டார். மணி உதிர்த்த வெறும் சோளத் தக்கைகள். இடிபட்டு இடிபட்டு மரத்தூள் மாதிரி ஆகியிருந்தன. எத்தனை நாளாக அதையே இடிக்கிறாளோ. முகத்தில் அறைந்தது போல அவர் நிமிர்ந்தார்.

மைலேசி முறத்தை எடுத்து உரலை மூடினாள்.

"பாத்துட்டீங்களா அண்ணே?"

அவர் தலையாட்டினார்.

"சத்தம் கேக்கலைன்னா நாளைக்கு எனக்குச் சரக்குக் கெடைக்காது," என்றாள் தாழ்ந்த குரலில். "வெறும் உரல்ல இடிச்சா சத்தம் மாறுது. அதான் தக்கையைப் போட்டேன்."

"நீ திருடலைன்னு ஊருக்குத் தெரியணும்னா முறத்தை எடுத்தாப் போதும்மா. இப்ப எல்லாரும் வந்துருவாங்க."

"எடுக்காதீங்க." அவள் முறத்தின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "திருடின்னே சொல்லிருங்க. திருடிக்கு அபராதம் போடுவாங்க, நாலு வார்த்தை திட்டுவாங்க. இருந்தாலும் திருட்டுச் சோளமாவது வீட்ல இருக்கேன்னு கருவாடு குடுப்பாங்க. ஒண்ணுமில்லாதவளுக்கு யாரு குடுப்பா? இந்தப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

பெரிய பெண் அம்மாவைப் பார்த்தாள். சின்னது சாகாலாவின் சட்டையைப் பார்த்தது. சட்டையில் கீரைக் குழம்பு சொட்டியிருந்தது. அவர் அதைக் கையால் மறைத்துக்கொண்டு வெளியே வந்தார். தன் வயிறு நிறைந்திருப்பதே அவருக்கு வெட்கமாக இருந்தது. ஊரைக் கூட்டிக்கொண்டுவந்து ஒரு வீட்டின் இல்லாமையை ஏலம் போடப் பார்த்தோமே என்று நினைத்தபோது காது மடல் எரிந்தது.

தெருவில் நின்று வரிசையைப் பார்த்தார். அடுத்த வேலிக்குள்ளும் உலக்கை விழுந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தார். அங்கேயும் கோழி இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். எல்லா வீட்டிலும் சத்தம். ஒரு வீட்டிலும் கோழி இல்லை.

"பாஸ்," என்றாள் லவ்னெஸ் மெதுவாக. "எல்லாருமா?"

"ஒவ்வொருத்தியும் பக்கத்து வீட்டுச் சத்தத்தை நம்பிக்கிட்டு இருக்கா. நானும் சேந்து நம்புனேன்." கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "சரி, இந்த ஊர்ல சோளம் எங்கயாவது இருந்தாத்தானே கோழி அங்க இருக்கும். கோழியெல்லாம் எங்க?"

லவ்னெஸ் வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு, "நம்ம வாசல்ல," என்றாள்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றார்கள்.

"நீ புடைச்ச சோளம்," என்றார் சாகாலா.

"வெள்ளை, மஞ்சள், செவப்பு..." என்றவள் தலையில் கைவைத்தாள். "பாஸ், ஒருத்தர் வயல்ல அத்தனை ஜாதி வெளையாது. ஆளுக்கொரு டப்பா கொட்டுனாத்தான் அப்படி ஆகும். நான் புடைச்சேன், இடிச்சேன், மினிபஸ்ஸுன்னு ஜோக்கு வேற அடிச்சேன்."

"ஓடு. பக்கெட்லேர்ந்து ஒரு கை அள்ளிட்டு வா."

அவள் ஓடினாள். திருடியவளே காசு கொடுத்துத் திருடனைத் தேடச் சொல்லியிருக்கிறாள். காசாகக்கூட இல்லை, திருடிய பொருளையே கூலியாகக் கொடுத்து. பசி மாதத்தில் ஒரு பக்கெட் சோளம் எங்கிருந்து வந்தது என்று ஊரிலேயே பெரிய துப்பறிவாளர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏனென்றால் அவருக்கும் பசி.

கூட்டம் வந்து சேர்ந்தது. முன்னால் எனெலெசி அம்மா, பூப்போட்ட துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு. பின்னால் துணிக்காரர்கள், தக்காளிக்காரிகள், சைக்கிள் ரிப்பேர்காரர். வரிசை வீட்டுப் பெண்களும் இடிப்பதை விட்டுவிட்டு வந்தார்கள். வருவதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் தன் உரலை முறத்தால் மூடிவிட்டு வந்ததை சாகாலா கவனித்தார்.

"என்ன தம்பி, பேசுச்சா உரல்?" என்றாள் எனெலெசி அம்மா. "எடுடி முறத்தை, மைலேசி."

மைலேசி அசையவில்லை. ஒருவன் முன்னால் வந்தான். சாகாலா அவனுக்கும் உரலுக்கும் நடுவில் போய் நின்றார்.

"முறத்தை எடுக்க வேண்டாம். நான் சொன்னது தப்பு. அவ எடுக்கல."

"எடுக்கலைன்னா என்னத்தை இடிக்கிறா? காட்டட்டுமே," என்றாள் தலைவி.

லவ்னெஸ் மூச்சு வாங்க வந்து, மடியில் முடிந்து வந்ததை அவர் கையில் கொட்டினாள். சாகாலா உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"இந்தச் செவப்புப் புள்ளி போட்ட மணி யாரோடது?"

பக்கத்து வீட்டுத் தக்காளிக்காரி தமாண்டா குனிந்து பார்த்தாள். "எங்க அம்மா வீட்டு விதை. இந்த ஊர்ல நான் மட்டும்தான் போடுறேன். இது எப்படி உங்க கையில?"

"இந்த மஞ்சள்?"

"என்னுது மாதிரி இருக்கே," என்றார் துணிக்காரர்.

"இந்தப் பொடி மணி நம்மளுது," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இத்தனை பேரு சோளம் ஒண்ணாச் சேருற எடம் நம்ம ஊர்ல ஒண்ணுதான் இருக்கு," என்றார் சாகாலா. "இது என் ஆபீஸ்ல ஒரு பக்கெட்டு இருக்கு. பாதிதான் இருக்கு. மீதியை நான் தின்னுட்டேன். இன்னைக்கு மதியம்கூடத் தின்னேன்."

அவரைக் கூலிக்கு அமர்த்தியது யார் என்று ஊருக்கே தெரியும். சோளத்தை யார் கொடுத்தது என்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. எல்லார் கண்ணும் போன பக்கம் எனெலெசி அம்மா நின்றுகொண்டிருந்தாள். தோளில் கிடந்த துணியைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கிடங்குக்கு இன்னொரு சாவி எங்கிட்ட இருக்கு. எல்லை தாண்டி வந்த லாரிக்காரன் மூணு மடங்கு வெலை சொன்னான், வித்துட்டேன்," என்றாள், மண்ணைப் பார்த்துக்கொண்டு. "அறுப்புக்குள்ள நெரப்பிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள யாரும் சாவ மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"தச்சருக்கு நாங்க எதுல களி கிண்டுறதாம்?" என்றார் துணிக்காரர். "பழியைத் தூக்கி இவ மேல போட்டியே, உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

கோபம் பாதி சாகாலா பக்கம் திரும்பியது. அதுவும் நியாயம்தான்.

"சாவுச் சோளத்தைத் தின்னுட்டுத்தான் நடுச் சந்தையில கண்ணாடி தொடைச்சியா?"

"ஆமா," என்றார் அவர்.

"கேக்கத் தோணலையா, எங்கேர்ந்து வந்துச்சுன்னு?"

"தோணல. பசிச்சுது, தின்னேன்."

"சரிய்யா, இப்ப மட்டும் எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றார் சைக்கிள்காரர். "அதையாவது சொல்லு."

சாகாலாவின் வாழ்க்கையிலேயே அழகான துப்பு அதுதான். சொல்லியிருந்தால் ஊர் பத்து வருஷம் பேசியிருக்கும். வாய்வரை வந்தது. வரிசை வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் வேலிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோழி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக் காலையில் எல்லார் முற்றத்தையும் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள்.

"சும்மா தோணுச்சு," என்றார்.

கூட்டம் சிரித்தது. "தின்னது செரிச்சதும் மூளை வேலை செஞ்சிருக்கு," என்றான் ஒருவன். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். லவ்னெஸ் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். சாகாலா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். பக்கெட்டை எடுக்கக் கூட்டம் லவ்னெஸையும் தலைவியையும் முன்னால் விட்டுக்கொண்டு அலுவலகத்துப் பக்கம் போனது. பெண்கள் உரலுக்குத் திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் தொம், தொம் மறுபடியும் ஆரம்பித்தது.

முற்றத்தில் சாகாலாவும் மைலேசியும் பிள்ளைகளும்தான் மிச்சம். அவர் கையில் அந்த ஒரு பிடி சோளம் அப்படியே இருந்தது. வேர்வையில் ஈரமாகியிருந்தது.

"உண்மையிலேயே எப்படித் தெரிஞ்சுது அண்ணே?"

"கோழி வரல."

மைலேசி முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தமாண்டாவின் முற்றத்தையும் பார்த்தாள். அதுவும் புரிந்தது போலத்தான் இருந்தது.

"உங்களுக்குத் தெரிஞ்சது நாளைக்கு இன்னொருத்தருக்கும் தெரியும்," என்றாள். கையை நீட்டினாள். "அதைக் குடுங்க."

"பிள்ளைங்களுக்கு இது போதாதேம்மா. இரு, நான் வேற எங்கயாவது..."

"பிள்ளைங்களுக்கு இல்ல."

அவர் கொடுத்தார். அவள் அதை மொத்தமாகக் கொட்டாமல், இடிக்கும்போது தெறித்தது போல உரலைச் சுற்றி இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போட்டாள். ஆபீஸ் வாசலிலிருந்து விரட்டப்பட்ட கோழிகள் வேலிக்கு அடியில் நுழைந்து ஓடிவந்தன. சின்னப் பெண் எழுந்தது. பெரியவள் அதன் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். சாகாலா பார்க்கமாட்டாமல் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கே உலக்கைச் சத்தம் நின்றிருந்தது. புல்லை விலக்கிக்கொண்டு ஒரு கை இந்தப் பக்கம் நீண்டது. தமாண்டாவின் குரல் அவர் இருப்பது தெரியாமல் தாழ்ந்து வந்தது.

"மைலேசி, எனக்கும் ரெண்டு மணி இருந்தாக் குடேன். திங்கறதுக்கு இல்ல. கோழிக்கு."